கைக்கு எட்டும் தூரத்தில்: அமெரிக்க வீடுகளில் தற்காப்புத் துப்பாக்கி

2008 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் அளித்த தீர்ப்பு, அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தனிமனிதர் ஒருவர் தம் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் காக்கிறது என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அறுதியிட்ட தீர்ப்பாகச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதன் வரலாற்று ஆய்வுகளும் இலக்கண விவாதங்களும் பெற்ற கவனத்தைப் பெறாத ஒரு பத்தி அதே தீர்ப்பில் உண்டு. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்கு இருந்த தடையை ஆதரித்தவர்கள், நீண்ட குழல் கொண்ட துப்பாக்கிகளை வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை இல்லையே என்று வாதிட்டபோது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா, வீட்டைக் காக்க ஒருவர் கைத்துப்பாக்கியை விரும்புவதற்கு நான்கு காரணங்களை எடுத்துக்காட்டினார். ஆபத்து வேளையில் உடனே கைக்கு எட்டும் இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம்; எதிராளி அதை எளிதில் பிடித்துத் திருப்பவோ பிடுங்கவோ முடியாது; நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கும் தோள்வலிமை இல்லாதவரும் அதைக் கையாளலாம்; ஒரு கையால் அதை நீட்டிக்கொண்டே மறு கையால் காவல் துறையைத் தொலைபேசியில் அழைக்கலாம். ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், துப்பாக்கிக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்லும் காரணங்களைத் தன் தீர்ப்பிலேயே எழுதி வைத்தது என்பது கவனத்துக்குரியது.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான ஸ்டீபன் பிரெயர், தற்காப்புக்கு உதவும் அதே இயல்புகள்தாம் கைத்துப்பாக்கியை ஆபத்தானதாகவும் ஆக்குகின்றன என்று அதே வழக்கில் சுட்டினார். எளிதில் பிடிக்க முடிவதால் அது குழந்தையின் கைக்கும் எளிது. சிறியதாக இருப்பதால் திருடுவதற்கும் மறைப்பதற்கும் எளிது என்பது அவர் வாதம். வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி ஏற்றது என்ற கேள்வியை ஆராய முற்படும் இவ்வுரைக்கு இவ்விரு நீதிபதிகளின் கூற்றுகளுமே தொடக்கம். துப்பாக்கியின் வகையும் தோட்டாவின் விட்டமும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவை பயனற்றவை அல்ல. ஆயினும் அந்தத் துப்பாக்கி இருக்கப்போகும் வீட்டின் சுவர், அதன் இருட்டு, அதன் பூட்டு, அதில் வாழும் மனிதர்கள் ஆகியவற்றை முதலில் எண்ணாமல் செய்யப்படும் தேர்வு, பாதிக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு விடை சொல்வதற்கு ஒப்பானது.

இக்கேள்வி அமெரிக்காவில் இன்று பெற்றுள்ள முதன்மை பழமையானது அன்று. 1999இல் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்பதன் முதன்மைக் காரணம் வேட்டை என்றவர்கள் 49 விழுக்காட்டினர், பாதுகாப்பு என்றவர்கள் 26 விழுக்காட்டினர். பியூ ஆய்வு மையம் 2013இல் அதே கேள்வியைக் கேட்டபோது இந்நிலை தலைகீழாகி, பாதுகாப்பு 48 விழுக்காடாகவும் வேட்டை 32 விழுக்காடாகவும் மாறியிருந்தன. வேட்டைக்காரரின் துப்பாக்கி ஆண்டில் பெரும்பகுதி நாள் அலமாரியில் தோட்டா இன்றிக் கிடப்பது. தற்காப்புக்கென வாங்கப்பட்ட துப்பாக்கியோ தோட்டா நிரப்பப்பட்டு, படுக்கைக்கு அருகில், எல்லா நாளும் ஆயத்தமாக இருக்க வேண்டியது என்று கருதப்படுகிறது. நோக்கம் மாறியபோது வீட்டுக்குள் அதன் இடமும் நிலையும் மாறின. ஆபத்தின் தன்மையும் உடன் மாறியது.

வீட்டுக் காவலுக்கென விற்கப்படுபவை மூன்று வகைப்படும். ஒரு கையிலோ இரு கையிலோ பிடித்துச் சுடத்தக்க குறுங்குழல் கொண்டது கைத்துப்பாக்கி. அதிலும், ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள் அடங்கிய உருளை ஒவ்வொரு முறையும் சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவருவது ரிவால்வர். பிடிக்குள் செருகப்படும் மேகசின் என்னும் தோட்டாப் பெட்டியிலிருந்து, சுட்ட விசையாலேயே அடுத்த தோட்டா மேலேறுவது பிஸ்டல். இரண்டாவது வகையான ஷாட்கன், ஒரே தோட்டாவிலிருந்து பல உருண்டைகளை, அதாவது தமிழ்நாட்டு நாளிதழ்கள் பால்ரஸ் குண்டுகள் என்று எழுதுபவற்றை, ஒருசேர வெளியேற்றுவது. அதன் அளவு கேஜ் என்னும் பழைய கணக்கில் சொல்லப்படும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றில் ஒன்றின் விட்டம் எதுவோ அதுவே 12 கேஜ் குழலின் விட்டம் என்பதால், எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். மூன்றாவதான ரைஃபிள், குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுருள்வரிகளால் குண்டைச் சுழலவிட்டு அதிவேகமாகச் செலுத்துவது. யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15 இவ்வகையில் அமெரிக்காவில் மிகப் பரவலானது. ஷாட்கன்னின் குழல் 18 அங்குலத்துக்கும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும் குறைந்தால் 1934ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி அதைத் தனியே பதிவு செய்தாக வேண்டும் என்பதால், குறுகிய கூடத்தில் திரும்பி நடக்க ஏற்றவாறு குழலை நறுக்கிக்கொள்ளும் எண்ணம் சட்டத்தின் வாயிலில் போய் நிற்கும்.

ஷாட்கன்னைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை மிக ஆழமாக வேரூன்றியிருப்பதால் அதை இங்கே நிறுத்திப் பார்ப்பது தகும். அதைக் குறிபார்த்துச் சுட வேண்டியதில்லை, பக்கம் பார்த்து நீட்டினாலே போதும், உருண்டைகள் அறை முழுவதும் பரவிவிடும் என்பது அந்நம்பிக்கை. உருண்டைகள் பரவுவதற்குத் தொலைவு வேண்டும். ஒரு படுக்கையறையின் கதவிலிருந்து மறுமூலை வரை உள்ள பதினைந்தடித் தொலைவில் அவை பெரும்பாலும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள்ளேயே சேர்ந்து விழுகின்றன. குறி தவறினால் ஓர் உருண்டை அன்று, எட்டோ ஒன்பதோ உருண்டைகளும் தவறிச் சுவரைத் துளைத்து அப்பால் போகும். 2013இல் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜோ பைடன், வீட்டைக் காக்க இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றே போதும், வெளியே வந்து இரண்டு முறை சுட்டால் வந்தவன் ஓடிவிடுவான் என்ற பொருளில் பொதுமக்களுக்கு அறிவுரை கூறினார். தாக்க வருபவர் எவரும் கண்ணெதிரே இல்லாதபோது குடியிருப்புப் பகுதியில் சுடுவது பல ஊர்களில் தண்டனைக்குரிய குற்றம். இரட்டைக்குழலில் இரண்டையும் சுட்டுத் தீர்த்தவரிடம் எஞ்சுவது வெறுந் துப்பாக்கி. நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டதாயினும் அது தீய அறிவுரை.

தேர்வின் பெரும்பகுதி, துப்பாக்கியை விடச் சுவரைச் சார்ந்தது. தமிழ்நாட்டுச் செங்கல் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு அமெரிக்கப் புறநகர் வீட்டின் உட்சுவர் எத்தகையது என்பது எளிதில் விளங்காது. பதினாறு அங்குல இடைவெளியில் நிறுத்தப்பட்ட மெல்லிய மரச்சட்டங்கள், அவற்றின் இருபுறமும் அரை அங்குலத் தடிப்பில் ஆணியால் இறுக்கப்பட்ட ஜிப்சம் பலகை, நடுவே வெற்றிடம்: பெரும்பாலான வீடுகளில் அறைக்கும் அறைக்கும் இடையே இருப்பது இவ்வளவே. கனமான ஒரு படத்தை மாட்டுவதற்குக்கூட, உள்ளே மரச்சட்டம் எங்கே நிற்கிறது என்று விரலால் தட்டிக் கண்டுபிடித்த பிறகே அங்கு ஆணி அறைய முடியும். துப்பாக்கிக் குண்டைப் பொறுத்தவரை இச்சுவர் பார்வையைத்தான் மறைக்கிறது, வேறெதையும் தடுப்பதில்லை.

இங்கே ஓர் இயற்பியல் முரண் குறுக்கிடுகிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் முகவர்கள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமுற்றனர். முகவர் ஒருவர் தொடக்கத்திலேயே சுட்ட 9 மில்லிமீட்டர் குண்டு, கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் சென்றும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டதால் அவன் தொடர்ந்து போரிட்டான் என்று கண்டறியப்பட்டது. அதன் பின்னர் அந்நிறுவனம், மனிதத் தசையின் அடர்த்திக்கு ஒப்பாக ஆக்கப்பட்ட ஜெலட்டின் கட்டியில் ஒரு குண்டு குறைந்தது 12 அங்குலம், மிகுந்தால் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது. தற்காப்புத் தோட்டாக்களின் தரம் இன்றளவும் அவ்வளவுகோலாலேயே அறியப்படுகிறது. உடலுக்குள் ஓரடிக்கு மேல் செல்லத்தக்க குண்டு, இரண்டு ஜிப்சம் பலகைகளை ஒரு பொருட்டாகவே மதிக்காது. ஜிப்சம் பலகையில் நின்றுவிடும் அளவுக்கு வலுக்குறைந்த தோட்டாவோ, உயிருக்கு அஞ்சிச் சுடுபவரைக் காக்க உதவாது. பறவை வேட்டைக்கான நுண்ணிய பால்ரஸ் தோட்டாவைப் பாதுகாப்பானது என்று பரிந்துரைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தவனைத் தடுக்கவும் அடுத்த அறைக் குழந்தையை விட்டுவைக்கவும் ஒருசேரத் தெரிந்த தோட்டா எதுவும் இல்லை.

ரைஃபிளின் குண்டு அதிவேகமானது என்பதால் அது எல்லாவற்றையும் விட அதிகச் சுவர்களைத் துளைக்கும் என்று கருதுவது இயல்பு. உண்மையில் ஏஆர்-15இல் இடப்படும் .223 வகையின் இலகுவான குண்டுகள் சில, பலகையைத் தொட்டதும் நிலைகுலைந்து புரண்டு உடையத் தொடங்குவதால், கைத்துப்பாக்கியின் மெதுவான கனத்த குண்டை விடக் குறைந்த தொலைவே செல்வதும் உண்டு. இது சோதனையில் கண்ட உண்மையே. ஆனால் விற்பனையாளர் சிலர் இதிலிருந்து ரைஃபிள் பக்கத்து வீட்டாருக்குப் பாதுகாப்பானது என்ற முடிவுக்குத் தாவுவது ஏற்கத்தக்கதன்று. குறைந்த தொலைவு என்பது ஓரிரு சுவர் குறைவு என்பதே அன்றி, முதற்சுவரில் நிற்கும் என்பதன்று. ஆகவே துப்பாக்கி வாங்குபவர் முதலில் செய்யத்தக்க வேலை, தாம் நிற்கக்கூடிய இடத்திலிருந்து எந்தத் திசையில் குழந்தைகளின் கட்டில், எந்தத் திசையில் பக்கத்து வீட்டின் சன்னல், எந்தத் திசையில் புத்தக அலமாரியோ வெளிப்புறச் செங்கலோ இருக்கிறது என்று வீட்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக் கோடு கிழித்துப் பார்ப்பது. சில வீடுகளில், குறிப்பாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அக்கோடுகளில் ஒன்றுகூட ஆளற்ற இடத்தில் முடிவதில்லை.

தோட்டாவின் விட்டத்தைப் பற்றிய பூசல் அதற்குத் தரப்படும் இடத்துக்குத் தகுதியற்றது. மயாமிக்குப் பின் பெரிய குண்டுகளை நாடிச் சென்ற எஃப்.பி.ஐ.யே, பின்னுதைப்பு குறைவு, விரைவாக அடுத்த குறி பார்க்க முடிகிறது, மேம்பட்ட குண்டு வடிவமைப்பால் ஊடுருவலிலும் குறைவில்லை என்ற காரணங்களைக் காட்டி 2014இல் மீண்டும் 9 மில்லிமீட்டரையே பரிந்துரைத்தது. பெரும்பாலோருக்கு அந்த விடையே போதுமானது.

கை என்பது விட்டத்தை விடப் பெரிய செய்தி. பிஸ்டலின் மேற்பாகமான ஸ்லைடைப் பின்னிழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். மூட்டுவாதம் உள்ள முதியவருக்கும் பிடிவலிமை குறைந்தவருக்கும் அந்த வில்லின் எதிர்ப்பே கடக்க முடியாத தடையாகிவிடுகிறது. இத்தகையோருக்கும், பெண்களுக்குப் பொதுவாகவும், சின்னஞ்சிறு ரிவால்வர் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவது நெடுநாள் வழக்கம். சிறியது எளியது என்ற தோற்றம் பொய்யானது. அவ்வகை ரிவால்வரின் விசையை முழுதும் இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம் வேண்டும். குழல் இரண்டு அங்குலமே உள்ளதால் முன் குறிமுள்ளுக்கும் பின் குறிக்கும் இடைவெளி மிகக் குறைந்து சிறு கோணப்பிழையும் பெரும் விலகலாகும். எடை குறைவதால் உதைப்பு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அதை ஒரு முறை சுட்டுப் பார்த்தவர் மறுமுறை பயிற்சிக்கு வர அஞ்சுவார், பயிற்சி இல்லாதவர் கையில் அது இருப்பது இல்லாததை விடத் தீது. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 2018இல் எளிதில் இழுக்கத்தக்க ஸ்லைடு கொண்ட பிஸ்டல் ஒன்றை வெளியிட்டது, இக்குறையை உற்பத்தியாளர்களும் காலந்தாழ்த்தி உணர்ந்ததையே காட்டுகிறது.

பயிற்சி என்ற சொல்லால் ஆண்டுக்கொரு முறை வெளிச்சமான சுடுகளத்தில் அசையாத அட்டையைச் சுடுவதைக் குறித்தால் அது போதாது. ரேண்ட் ஆய்வு நிறுவனம் நியூயார்க் காவல் துறைக்காக 2008இல் வெளியிட்ட ஆய்வில், 1998 முதல் 2006 வரை இருதரப்பும் சுட்டுக்கொண்ட நிகழ்வுகளில் காவலர் சுட்ட குண்டுகளில் இலக்கைத் தொட்டவை சராசரியாக 18 விழுக்காடே என்று தெரியவந்தது. ஊதியம் பெற்று, முறையாகப் பயின்று, விழிப்புடன் பணியில் இருந்தவர்களின் நிலை அது. நள்ளிரவில் உறக்கத்திலிருந்து எழுந்து, நெஞ்சு படபடக்க, மூக்குக் கண்ணாடியைத் தேடும் குடும்பத் தலைவரிடம் அதைவிட மேம்பட்ட குறியை எதிர்பார்க்க முகாந்திரம் இல்லை. குறி தவறும் ஒவ்வொரு குண்டும் மேலே சொன்ன ஜிப்சம் சுவரை நோக்கியே போகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியின் முன்னோடிகளில் ஒருவரும், 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி நிறுவியவருமான ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் அந்நாட்டுச் சுடுகளங்கள் எங்கும் ஓதப்படுகின்றன. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதாகவே கருதப்பட வேண்டும். அழிக்க எண்ணாத எதையும் நோக்கிக் குழல்வாய் திரும்பக் கூடாது. குறி இலக்கின் மேல் நிலைக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, அதற்கு அப்பால் இருப்பது எது என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டைப் பொறுத்தவரை நான்காவதே தலையாயது. 1992 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், ஹாலோவீன் விருந்துக்குப் போகப் புறப்பட்ட பதினாறு வயது ஜப்பானிய மாணவர் ஒருவர், முகவரி மாறி வேறொரு வீட்டின் மணியை அடித்தார். வீட்டுக்காரர் .44 மேக்னம் ரிவால்வருடன் பக்கவாயிலில் வந்து அசையாமல் நிற்கும்படி உரத்துக் கட்டளையிட்டபோது, அதன் பொருள் விளங்காமல் மாணவர் மகிழ்ச்சியுடன் முன்னேறி வர, வீட்டுக்காரர் சுட்டார், மாணவர் இறந்தார். குற்றவியல் வழக்கில் நடுவர் குழு வீட்டுக்காரரை 1993இல் விடுதலை செய்தது. மறு ஆண்டு உரிமையியல் நீதிமன்றம் மாணவரின் பெற்றோருக்கு 6,50,000 டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அந்த ரிவால்வரில் குறை எதுவும் இல்லை. குண்டு போக வேண்டிய இடத்துக்கே போனது. தவறியது, எதிரே நிற்பது யார் என்ற அறிவு.

தம் வீட்டுக்குள் தாக்கப்படுபவர் பின்வாங்கத் தேவையில்லை என்ற கோட்பாடு, ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கு வரை பின்னோக்கிச் செல்வது. வீடு அவரவர் கோட்டை என்ற கருத்தின் வழி அமெரிக்க மாநிலங்கள் அதை ஏற்று விரிவாக்கின. சட்டம் மன்னிப்பதும் நேர்ந்தது சரியாவதும் ஒன்றல்ல. நள்ளிரவில் கூடத்தில் கேட்கும் காலடி, சொல்லாமல் விடுதியிலிருந்து வந்த மகனுடையதாகவும், தண்ணீர் குடிக்க எழுந்த மாமியாருடையதாகவும் இருக்கலாம். எனவே எந்தத் துப்பாக்கி என்ற தேர்வுடன் ஒரு கைவிளக்கும் சேர்ந்தே வர வேண்டும். துப்பாக்கியின் அடியில் பொருத்தப்படும் விளக்கு கைகளை விடுவிப்பது உண்மையே. ஆனால் அதன் ஒளியால் ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குழல்வாயையும் அவர் பக்கம் திருப்பியாக வேண்டும், அது கூப்பரின் இரண்டாம் விதியை மீறுவதாகும். குடும்பத்தார் பலர் வாழும் வீட்டில், துப்பாக்கியோடு ஒட்டாத தனிவிளக்கே சிறந்தது. அதனினும் சிறந்தது, ஓர் அறைக்குள் அனைவரும் கூடித் தாழிட்டுக்கொண்டு 911க்கு அழைத்துக் காத்திருப்பது. துப்பாக்கியுடன் வீடு முழுவதும் தேடிச் செல்வதைத் தேர்ந்த பயிற்சியாளர்களே தடுக்கிறார்கள்.

இனிப் பூட்டு. ஸ்கேலியாவின் முதற்காரணமான கைக்கெட்டும் தூரமும், பிரெயர் குறிப்பிட்ட குழந்தையின் கையும் மோதிக்கொள்ளும் இடம் இதுவே. 2005ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒவ்வொரு கைத்துப்பாக்கியுடனும் பூட்டு அல்லது பாதுகாப்புச் சாதனம் ஒன்றைத் தர வேண்டும் என்கிறது. வாங்கியவர் அதைப் பூட்டியாக வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் மட்டுமே, உரிமையாளரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லாத நேரத்தில் பூட்டி வைப்பது கடமை. படுக்கையருகே வைக்கத்தக்க சிறு இரும்புப் பெட்டகத்தின் மேல், விரல்கள் இயல்பாகப் படியும் நான்கு பள்ளங்களில் நான்கு பொத்தான்கள் இருக்கும். அவற்றை உரிய வரிசையில் அழுத்தினால் மூடி விசையுடன் எழும். விளக்கில்லாமலும் கண்ணை மூடிக்கொண்டும் இதைச் சில நொடிகளில் திறக்கப் பழகிக்கொள்ள முடியும். மின்கலத்தின் ஆயுளைக் கண்காணிப்பதும், பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு போகாதபடி கம்பியால் கட்டிலோடு பிணைப்பதும் உடன் செய்ய வேண்டியவை. அலமாரியின் மேல்தட்டையும் உடுப்புகளின் அடியையும் பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று நம்பும் பெற்றோரின் நம்பிக்கை, ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பொய்த்துள்ளது. ஷாட்கன்னை நிறுத்தி வைப்பவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: பெரும்பாலான ஷாட்கன்களின் காப்புத்தாழ் விசையை மட்டுமே தடுக்கிறது, ஆகவே குழலறையில் தோட்டாவுடன் அது கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். குழலறையைக் காலியாக விட்டு, குழலுக்கு அடியிலுள்ள தோட்டாக் குழாயில் மட்டும் தோட்டாக்களை வைப்பதே முறை.

பூட்டு யாருக்காக என்ற கேள்விக்குக் குழந்தைகள் என்ற விடை பாதி மட்டுமே. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். வீட்டுத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சில் எப்போதும் அந்நியன் ஒருவனே கற்பனையில் வந்து நிற்கிறான். இந்த எண்ணிக்கையில் அந்நியன் இல்லை. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 63 இலட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கித் தற்கொலையால் இறப்பது, அது இல்லாத ஆண்களை விட ஏறத்தாழ எட்டு மடங்கு என்றும், பெண்களில் அது 35 மடங்கு என்றும் கண்டது. அதே ஆய்வாளர்கள் 2022இல், துப்பாக்கி உடையவருடன் ஒரே வீட்டில் வாழும், தாம் துப்பாக்கி வைத்திராத பெரியவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் கொலையுண்ணும் வாய்ப்பு மற்றவர்களை விட இரு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. இவை தொடர்பைக் காட்டுவனவே, காரணத்தை ஐயமற நிறுவுவன அல்ல என்ற மறுப்பு உண்டு; ஆபத்தில் இருப்பவரே துப்பாக்கியைத் தேடுகிறார் என்பது அம்மறுப்பின் சாரம். வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி 1993இல் ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக்கும் இதே மறுப்பு எழுந்தது. 1996இல் நாடாளுமன்றம் நோய்த்தடுப்பு மையத்தின் நிதியில் 26 இலட்சம் டாலரைப் பிடித்துக்கொண்டு இத்துறை ஆய்வையே இருபது ஆண்டுகளுக்கு மேல் முடக்கியது. அம்முடக்கம் இல்லாதிருந்தால் இன்னும் தெளிவான விடைகள் இந்நேரம் கிடைத்திருக்கும்.

மறுதட்டில் இருப்பதையும் நேர்மையாக வைத்தாக வேண்டும். துப்பாக்கியால் தம்மைக் காத்துக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 25 இலட்சம் முறை அவ்வாறு நிகழ்கிறது என்று கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் ஆகிய குற்றவியலாளர்கள் 1995இல் மதிப்பிட்டார்கள். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பிலிருந்து பெறப்படும் மதிப்பீடோ ஓர் இலட்சத்துக்கும் குறைவு. முதலாவது சிறு மாதிரியிலிருந்து பெரிதாகப் பெருக்கப்பட்டது என்ற குறை வலுவானது. வீடு புகுதலைப் பற்றி நீதித்துறைப் புள்ளிவிவர அலுவலகம் 2003 முதல் 2007 வரை திரட்டிய தரவில், வீட்டில் ஆள் இருந்தபோது நடந்தவை 28 விழுக்காடு. வன்முறையில் முடிந்தவை மொத்தத்தில் 7 விழுக்காடு. அவ்வன்முறையிலும் 65 விழுக்காட்டில் புகுந்தவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். முன்னாள் கணவனிடமிருந்து கொலை மிரட்டல் பெற்று, காவல் நிலையம் நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள சிற்றூரில் தனியே வாழும் பெண்ணின் அச்சம் இந்தச் சராசரிகளால் தணியாது, தணிய வேண்டியதும் இல்லை. அவருடைய கணக்கு வேறு. இளம் பிள்ளைகளும், மனச்சோர்வால் மருந்து உண்ணும் தம்பியும் உடன் வாழும் புறநகர்க் குடும்பத்தின் கணக்கு வேறு.

அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களுக்கு இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. நிரந்தர வசிப்புரிமை அட்டை பெற்றவர் குடிமக்களைப் போலவே துப்பாக்கி வாங்கலாம். ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் பெற்றிருத்தல் போன்ற சில விலக்குகளுக்குள் வந்தாலன்றி, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். நண்பர் ஒருவர் ஊருக்குப் போகையில் வைத்திருக்கச் சொல்லித் தந்ததை வாங்கி அலமாரியில் வைப்பதும் இதில் அடங்கும். அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்: நியூஜெர்சியில் வாங்குவதற்கே முன்னனுமதி வேண்டும், கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும், டெக்சாசில் இரண்டும் இல்லை.

விற்பனை மேசையில் நடக்கும் உரையாடல் இந்தக் கேள்விகளைத் தொட முடியும் என்பதற்கு நியூஹாம்ப்ஷயர் மாநிலம் சான்று. அங்கு 2009இல், ஒரே கடையில் ஒரு வார காலத்துக்குள் துப்பாக்கி வாங்கிய, ஒருவரையொருவர் அறியாத மூவர் வாங்கிய சில மணி நேரங்களுக்குள் தற்கொலை செய்துகொண்டதை அறிந்து கலங்கிய கடை உரிமையாளர், பொதுச் சுகாதாரத் துறையினருடனும் பிற விற்பனையாளர்களுடனும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார். துப்பாக்கி உரிமையை எதிர்ப்பவர்கள் வகுத்த திட்டமாக இல்லாமல், அதை விற்றுப் பிழைப்பவர்களே வகுத்ததாக இருந்ததால் அது பிற மாநிலங்களுக்கும் பரவியது. துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாமல், பூட்டைப் பற்றியோ பயிற்சியைப் பற்றியோ அக்கறை இல்லாமல், எது கிடைத்தாலும் இப்போதே வேண்டும் என்று அவசரப்படுபவரிடம் விற்பதைத் தள்ளிப்போடவும், கடையில் உதவி எண் அச்சிட்ட தாள்களை வைக்கவும் விற்பனையாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுவதால், நெருக்கடியான சில நாட்களைக் கடக்க உதவுவதே உயிர்காப்பாகிறது. அதனாலேயே இன்று பல மாநிலங்களில் துப்பாக்கிக் கடைகளும் சுடுகளங்களும், வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் காலத்தில் அக்குடும்பத்தின் துப்பாக்கிகளைத் தம் பெட்டகத்தில் வாங்கி வைத்து, நிலைமை தேறிய பின் திருப்பித் தருகின்றன. வாங்கப் போகிறவர், குழலின் நீளத்தையும் தோட்டாவின் விட்டத்தையும் விசாரிப்பதற்கு முன்னரே, அந்தக் கடை இவ்வாறு வாங்கி வைக்குமா என்று கேட்டறிவது நலம்.